காய்கறித் தோலில் மொறுமொறு: எண்ணெயை விட வெயிலை நம்புங்கள்

பீர்க்கங்காய்த் தோலை நம் மதுரைப் பக்கத்தில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. துவையலுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவோம். வாழைக்காய்த் தோலும் கேரட் சீவலும் பீட்ரூட் தோலும்தான் அன்றாடம் குப்பை வாளிக்குப் போகின்றன. அவற்றையும் கொறிக்கிற பண்டமாக்கலாம் என்று ஆசையாகச் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை இதுதான்: "ஓரமெல்லாம் கருகிருச்சு, நடுவுல சவசவன்னு இழுக்குது."

மசாலாவை மாற்றியோ எண்ணெயைக் கூட்டியோ இதைச் சரிசெய்ய முடியாது. கோளாறு ஈரத்தில் இருக்கிறது. சீவின கேரட் தோலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர்தான். அது ஐந்து பங்குக்குக் கீழே இறங்கினால்தான் பல்லில் படும்போது நொறுங்கும். எண்ணெய்ச் சட்டியில் போட்டதும் சலசலவென்று நுரைக்கிறதே, அது தோலிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீர். தண்ணீர் வெளியேறிய இடங்களில் எண்ணெய் போய் உட்காரும். ஈரத்தோடு போட்டால் தோல் வெந்து முடிக்க நேரமாகும், அதற்குள் ஓரம் கருகும், ஏறுகிற எண்ணெயும் அதிகம். பாதி ஈரத்தை முன்னாலேயே எடுத்துவிட்டால் இந்த மூன்று தொல்லையும் குறையும்.

அதை எடுக்க மதுரையில் நமக்குச் செலவே இல்லாத அடுப்பு ஒன்று மொட்டை மாடியில் இருக்கிறது. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் இங்கே அடிக்கிற வெயிலோடு காற்றும் வறண்டு கிடக்கும். வத்தல், வடகம் போட இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. கடலோர ஊர்களில் நாள் முழுக்கக் காய்ந்தும் மறுபடி பதம் போவதுபோல் இங்கே போகாது.

முதலில் எந்தத் தோல் ஆகும், எது ஆகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதில் தவறினால் சுவை கெடுவதோடு நிற்காது.

மரவள்ளிக்கிழங்கின் தோலை எந்த வகையிலும் சாப்பிடக் கூடாது. சயனைடை வெளிவிடும் பொருள் கிழங்கின் சதையைவிடத் தோலில் அதிகம். சேனை, சேப்பங்கிழங்குத் தோல்களில் ஊசி ஊசியான ஆக்சலேட் படிகங்கள் உண்டு, தொண்டை அரிக்கும். பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, முளை விட்ட உருளைக்கிழங்கு இரண்டின் தோலும் வேண்டாம். சோலனின் என்ற நச்சு பச்சைப் பகுதியிலும் முளையைச் சுற்றியும்தான் சேரும், வறுத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் மூன்றையும் சீவியதும் நுனித் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தோலோடு சேர்த்துக் காயையே எறிந்துவிட வேண்டும். கசப்புச் சுரைக்காய் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய் ஆளைப் படுக்க வைத்துவிடும். சமைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மெழுகு பூசிப் பளபளக்கும் வெள்ளரிக்காயும் இதற்கு ஆகாது. முற்றின பூசணித் தோல் நச்சில்லை, ஆனால் எத்தனை மணி நேரம் வறுத்தாலும் மரப்பட்டைதான்.

நன்றாக வருபவை: வாழைக்காய், கேரட், பீட்ரூட், நல்ல உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, பிஞ்சுப் பீர்க்கங்காய், பிஞ்சுச் சுரைக்காய். சௌசௌ தோலும் ஆகும், கையில் ஒட்டுகிற பாலைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். மாங்காய்த் தோல் புளிப்பாக அருமையாகக் காயும். காம்புப் பால் சிலருக்கு ஒவ்வாது, அதனால் காம்பை நறுக்கிப் பால் வடிந்த பிறகே சீவ வேண்டும்.

மருந்தடித்த காயின் தோலைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் இது: கழுவினால் மேலே ஒட்டியிருப்பது பெரும்பகுதி போகும், காய்க்குள் ஊறிய மருந்து போகாது. அதனால் வாங்கும் இடமே முக்கியம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது நம் மதுரை அண்ணா நகரில்தான். விளைவித்தவரே தராசுக்குப் பின்னால் நிற்கும் சந்தை அது. "கடைசியா எப்பண்ணே மருந்தடிச்சீங்க?" என்று முகம் பார்த்துக் கேட்கலாம். மாட்டுத்தாவணி, பரவை மொத்தச் சந்தைகளில் மூட்டையில் வந்து இறங்கிய காய்க்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது. காலிஃபிளவர் இலையை மொறுமொறுவென்று வறுக்கலாம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் வளர்த்தவர் யாரென்று தெரியாத காலிஃபிளவரின் இலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழுவும் முறை: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 டீஸ்பூன் ஆப்ப சோடா. முழுக் காயாக 12 முதல் 15 நிமிடம் ஊறட்டும். பிறகு குழாயடியில் தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கிழங்கு வகைகளுக்கு மண் போகும்வரை தேய்ப்பது கட்டாயம். துணியால் துடைத்து ஈரம் உலர்ந்த பிறகுதான் சீவ வேண்டும். சீவிவிட்டுக் கழுவினால் இரண்டு நஷ்டம்: வெளி அழுக்கைக் கத்தி உள்பக்கம் இழுத்துப் போயிருக்கும், வெட்டுப்பட்ட பக்கம் தண்ணீரைக் குடித்திருக்கும். உருளைக்கிழங்கு மட்டும் விதிவிலக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சீவுவதற்குத் தோல்சீவிதான் சரி. எல்லாச் சீவலும் ஒரே கனத்தில் விழும். அருவாமனையில் சீவினால் ஒன்று தாளாகவும் ஒன்று பட்டையாகவும் வரும், ஒரே சட்டியில் போட்டால் தாள் கருகும்போது பட்டை பச்சையாக நிற்கும். அருவாமனைதான் கைப்பழக்கம் என்றால் கனத்துக்கு ஏற்ப இரண்டு கூறாகப் பிரித்துத் தனித்தனியாக வறுத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி ஒரு உண்மையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ கேரட் சீவினால் கிடைக்கும் தோல் 100 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அது மொறுமொறுவென்று ஆன பிறகு 12 முதல் 15 கிராம். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் தோல் போதாது. அதற்காக ஈரத்தோலை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் சேர்த்து வைக்கக் கூடாது, வழுவழுத்துப் போய்விடும். அன்றன்று விழும் தோலை அன்றன்றே ஒடிகிற பதத்துக்கு முழுக்கக் காயவைத்து டப்பாவில் சேர்த்து, வாரக் கடைசியில் மொத்தமாக வறுப்பதே சரிப்படும் வழி.

இனி முறைக்கு வருவோம். இதை அரைக்காய்ச்சல் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டித் துணியை விரித்து, தோல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மேலே மெல்லிய துணியால் மூடி நாலு மூலையிலும் கல் வையுங்கள். மூடுவது தூசிக்கும் ஈக்கும் மட்டுமில்லை. நேர் வெயில் பட்டால் கேரட்டின் மஞ்சள் சத்தான கரோட்டீன் சீக்கிரம் வெளிறிப்போகும். சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்குப் போட்டால் ஒரு மணிக்கு எடுக்கலாம். 100 கிராம் தோல் 40, 45 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். தராசு இல்லாதவர்களுக்குக் கைப்பதம்: ஓரம் விறைத்துச் சுருண்டிருக்கும், நடுவில் வளைத்தால் வளையும், ஒடியாது, விரலில் ஈரம் ஒட்டாது.

இந்தப் பதத்தில் 100 கிராம் பச்சைத் தோலுக்கு அரை டீஸ்பூன் கடலை எண்ணெய் என்ற கணக்கில் கையால் பிசறுங்கள். அதன்மேல் 2 டீஸ்பூன் பச்சரிசி மாவைத் தூவிக் குலுக்குங்கள். மாவு ஏட்டைப்போல் மெல்லிசாகப் படிந்தால் போதும். கடலை மாவு போடலாமா என்றால், போடலாம், ஆனால் தோலின் சுவையை மூடிவிடும், சீக்கிரம் நமத்தும் போகும். பொரிகடலை மாவு இன்னும் வேகமாகச் சிவந்து கருகும். அரிசி மாவுதான் வறண்ட மொறுமொறுப்பைக் கொடுக்கிறது.

கனமான இரும்புத் தவாவோ இருப்புச் சட்டியோ வைத்து நன்றாகச் சூடாக்கிவிட்டுத் தீயைச் சிறுசாக இறக்குங்கள். தோலைப் போட்டு 6 முதல் 8 நிமிடம், கை நிறுத்தாமல் புரட்டிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சட்டியில் இருக்கும்போது எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் மொறுமொறுன்னு ஆகலையே" என்று மேலும் வறுக்கிறார்கள். சூட்டில் எந்தத் தோலும் மொறுமொறுக்காது. ஆறும்போதுதான் விறைக்கும். ஓரம் லேசாகப் பொன்னிறம் தட்டி, கரண்டியால் கிளறும்போது சருகுச் சத்தம் கேட்டால் இறக்கி, அகலமான தட்டில் பரப்பி மூன்று நிமிடம் விட்டுவிட்டுக் கடித்துப் பாருங்கள். பதம் போதவில்லையென்றால் மறுபடி இரண்டு நிமிடம் வறுக்கலாம். கருகினதைத் திருப்ப வழியில்லை.

ஓவன் வைத்திருப்பவர்கள் அரைக்காய்ச்சல் தோலை 140 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வைக்கலாம். வெயிலே காட்டாத பச்சைத் தோல் என்றால் அதே சூட்டில் 20 முதல் 25 நிமிடம் ஆகும், பாதியில் ஒரு தடவை கதவைத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டும். ஏர் ஃப்ரையரில் 150 டிகிரி, 5 முதல் 7 நிமிடம். அதில் வேறொரு தொல்லை உண்டு: காய்ந்த சீவல் எடையே இல்லாததால் காற்றில் பறந்து மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும், புகைநாற்றம் எல்லாத் தோலிலும் ஏறும். கூடவே வரும் கம்பித் தட்டைத் தோலின்மேல் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது.

பீட்ரூட்டில் சர்க்கரை அதிகம். கடைசி இரண்டு நிமிடத்தில் சட்டென்று கறுக்கும், நிறமே கருஞ்சிவப்பாக இருப்பதால் கறுத்தது கண்ணுக்கும் தெரியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும்: மண்வாசம் மாறி கருப்பட்டி வாசம் வரத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். சிலருக்கு அந்த மண்வாசம் பிடிக்காது. காயவைக்கும் முன் 100 கிராம் தோலுக்கு அரை மூடி எலுமிச்சைச் சாறு பிசறினால் அடங்கும்.

உருளைக்கிழங்குத் தோலைச் சீவியதும் நிறைய தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, தண்ணீரை ஒரு தடவை மாற்றுங்கள். மாவும் சர்க்கரையும் கழன்று போகும். அந்தச் சர்க்கரைதான் அதிகச் சூட்டில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகக் காரணம். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கில் சர்க்கரை இன்னும் கூடும், அதனால் அதன் தோல் இதற்கு வேண்டாம். ஊறிய தோலைத் துணியில் ஒற்றி எடுத்துக் காயப்போடுங்கள். வறுக்கும்போது இளமஞ்சள்தான் எல்லை, பழுப்புக்குப் போகவிடாதீர்கள். இதை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குக் கேரட்டும் சர்க்கரைவள்ளியும் போதும்.

தோல் பண்டங்களில் ராஜா வாழைக்காய்த் தோல்தான். எடையும் நிறையக் கிடைக்கும், கடிக்கவும் திடமாக இருக்கும். மதுரையில் பஜ்ஜிக்கும் பொரியலுக்கும் வாங்குகிற மொந்தன் காயின் தோல் நல்ல கனம், வத்தலுக்கு அதுதான் தோது. இதைக் கெடுப்பவை இரண்டு: துவர்ப்பு, கறுப்பு. இரண்டுக்கும் மூலம் தோலில் இருக்கும் டானின் வகைப் பொருட்கள். காற்றுப் பட்டால் கறுக்கும், இரும்புக் கத்தி பட்டால் இன்னும் கறுக்கும். எவர்சில்வர் கத்தியை எடுத்து, கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை பிடிக்காது.

ஐந்து மொந்தன் காயின் தோல் ஏறக்குறைய 300 கிராம் வரும். மேல் பச்சையை லேசாகச் சுரண்டி, இரண்டு நுனியையும் காம்பையும் தள்ளிவிடுங்கள். விரல் நீளத்தில், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் கனமாக நறுக்கி, நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் சேர்த்து, தோலைப் போட்டு 4 முதல் 5 நிமிடம் வேகவிட்டு வடித்துவிடுங்கள். துவர்ப்பில் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். அதற்கு மேல் வெந்தால் குழைந்து, காய்ந்த பிறகு பொடியாக உதிரும்.

வடித்த தோலை 300 மில்லி புளித்த மோரில் உப்போடு இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்பு அரை டீஸ்பூன் மட்டும். இது குறைவாகத் தெரியும், ஆனால் கூட்டாதீர்கள். 300 கிராம் தோல் காய்ந்து 40 கிராம் ஆகும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. பச்சையாக இருக்கும்போது நாக்குக்குச் சரியாகப்பட்ட உப்பு, காய்ந்ததும் வாயில் வைக்க முடியாத கரிப்பாகிவிடும். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இந்த அரை டீஸ்பூன் சரி. அப்படியே கொறிக்கவென்றால் கால் டீஸ்பூனே போதும்.

மறுநாள் காலை மோரிலிருந்து எடுத்துப் பிழிந்து வெயிலில் போட்டு, மாலையில் மறுபடி அதே மோரில். மோர் மிளகாய்க்குச் செய்வதுதான். பகலில் மோரைப் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டாம் நாள் மாலையில் மோர் வற்றியிருக்கும். மூன்றாம், நான்காம் நாள் வெயில் மட்டும். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். பனி இறங்குவதற்கு முன் தினமும் உள்ளே எடுத்துவிடுங்கள். எங்காவது வெள்ளைப் பூப்போ கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் அந்தத் தொகுதியையே போட்டுவிட வேண்டும். பொரித்தால் பூஞ்சை சாகும், அது விட்டுப்போன நச்சு போகாது.

பொரிக்கும்போது சின்னச் சட்டியில் குறைவான எண்ணெய். ஒரு துண்டைப் போட்டால் உடனே மேலே எழும்பி வர வேண்டும், அடியில் கிடந்தால் சூடு போதாது, எண்ணெய் குடிக்கும். எண்ணெய் புகைந்தால் சூடு அதிகம். முழுக்கக் காய்ந்த வத்தலுக்கு 15 வினாடிக்கு மேல் வேண்டாம். எண்ணெயே வேண்டாம் என்பவர்கள் வெறும் சட்டியில் சிறுதீயில் வறுக்கலாம். பொரித்த அளவுக்கு உப்பாது, ஆனால் நொறுங்கும்.

பீர்க்கங்காய்த் தோலைச் சீவலாகச் சாப்பிட முயன்றால் நார் பல்லில் சிக்கும். அதைச் சாதத்தில் தூவும் முறுகலாக்குவதே என் சிபாரிசு. முதலில் கூரான வரம்பு நரம்புகளைச் சீவித் தள்ளிவிட்டு, பிறகு விழும் தோலை மட்டும் பொடியாக நறுக்கி அரைக்காய்ச்சலாகக் காயவையுங்கள். 100 கிராம் தோலுக்கு ஒன்றரை டீஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 2 மிளகாய் வத்தல், 2 டீஸ்பூன் எள், ஒரு சிட்டிகை பெருங்காயம். பருப்பும் மிளகாயும் சிவந்ததும் தனியே எடுத்துவிட்டு, அதே சட்டியில் தோலைச் சிறுதீயில் வறுங்கள். எள்ளைக் கடைசியில் போட்டுப் படபடவென்று வெடித்ததும் இறக்குங்கள். எல்லாம் ஆறிய பிறகு கையால் நொறுக்கிக் கலந்தால் சுடுசாதம், நெய், இது போதும். மிக்ஸியில் போடாதீர்கள், துவையல் பொடியாகிவிடும்.

உப்பும் காரமும் எப்போதும் இறக்கிய பிறகுதான் (வத்தல் தவிர). மிளகாய்த்தூள் சட்டிச் சூட்டில் நொடியில் கருகிக் கசக்கும். உப்பை முன்னாலேயே போட்டால் தண்ணீர் விடும். கல்லுப்பை இடித்துப் போடுவதைவிடக் காய்ந்த தூள் உப்பு இதற்கு மேல், ஏனென்றால் கல்லுப்பில் இருக்கும் மக்னீசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பண்டத்தை நமத்துவிடும். தோல் வெதுவெதுப்பாக இருக்கும்போது தூவினால் ஒட்டும். கேரட்டுக்கு மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்தது, உருளைக்கு இட்லிப் பொடி, சர்க்கரைவள்ளிக்கு மிளகாய்த்தூளும் துளி சுக்குப் பொடியும் பொருந்தும்.

சத்தைப் பற்றி மிகைப்படுத்த வேண்டியதில்லை. தோலில் நார்ச்சத்து நிறைய, கேரட்டில் கரோட்டீன், வாழைக்காயில் பொட்டாசியம். வெயிலில் காயும்போது வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். கடை சிப்ஸை விட எண்ணெயும் உப்பும் குறைவு என்பதுதான் உண்மையான லாபம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோர் ஊறிய வத்தலைத் தவிர்த்து வறுத்த சீவலைச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைக்காய்த் தோல் பக்கம் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவில் போடும்போது பண்டம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பில் மூடினால் உள்ளேயே வியர்த்து அரை மணியில் நமத்துவிடும். பொரிக்காத வத்தல் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் ஆறு மாதம் வரை தாங்கும், மாதம் ஒரு முறை வெயில் காட்டுங்கள். எண்ணெய் சேர்த்து வறுத்த சீவலை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் மேகம் திரண்டுவிட்டால் தை பிறக்கும்வரை மொட்டை மாடியை மறந்துவிட்டு ஓவனிலோ தவாவிலோ மட்டும் செய்யுங்கள், அந்த மாதங்களில் அரைக்காய்ச்சலுக்கே மூன்று நாள் இழுக்கும், அதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். நமத்துப்போன சீவலை எண்ணெய் விடாமல் தவாவில் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டி ஆறவைத்தால் பழையபடி நொறுங்கும். காறல் வாடை அடித்தால் மட்டும் சூடு காட்டிப் பயனில்லை, மாடிச் செடிக்குப் போடுகிற மக்கு உரத்தில் சேர்த்துவிடுங்கள்.